சட்டிக்குள் ஒரு மலைமரம்



போன்சாய் என்றவுடன், வேரை வெட்டித் தண்ணீரைக் குறைத்து, ஒரு பெரிய மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்கும் வித்தை என்றே நம்மவரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஊருக்கு வரும்போதெல்லாம் இதை யாரேனும் என்னிடம் சொல்லாமல் இருந்ததில்லை. பட்டினி போட்ட மரம் குட்டையாவதில்லை, செத்துப்போகிறது. சட்டியில் உள்ள மரத்துக்குத் தரையில் உள்ள மரத்தைவிடக் கூடுதலான நீரும் உரமும் கவனிப்பும் வேண்டும் என்பதே உண்மை.

கணவரின் பணி நிமித்தம் ஜப்பான் நாட்டின் சைத்தாமா நகருக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் பதினொரு ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் ஒரு மூதாட்டியின் தோட்டத்தில் ஜூனிப்பர் மரங்களுக்கு வடிவம் கொடுக்கும் கலையைப் பயின்று வருகிறேன். என் கைபட்டு வளர்ந்தவை மூன்று மரங்கள். ஒன்று என் சாண் அளவுகூட இல்லாதது. மற்றொன்று முழங்கை நீளம். மூன்றாவதைத் தூக்க இருவர் வேண்டும். வருகிற ஏப்ரலில் நாங்கள் காயல்பட்டினத்துக்கே திரும்பிவிடப் போகிறோம். மரங்கள் வர இயலாது. ஆகவே இந்தக் குளிர்காலம் முழுவதும், அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்பதே என் யோசனையாக இருக்கிறது.

உம்மாவிடம் கைப்பேசியில் ஒரு மரத்தின் படத்தைக் காட்டினேன். கிளைதோறும் செப்புக் கம்பி சுற்றியிருந்த நேரம் அது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாயில்லாத மரத்தைக் கம்பி வெச்சுக் கட்டிப் போட்டிருக்கியே, அதுக்கு நோவாதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், இந்த மரத்தின் பிறப்பிடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நாங்கள் வசிக்கும் நகரத்தின் ஒரு பகுதிக்கு ஓமியா என்று பெயர். 1923 ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்தபின், அங்கிருந்த போன்சாய் தொழிலாளர் சிலர் நல்ல நீரும் மண்ணும் விசாலமான இடமும் தேடி இங்கே குடியேறினர். 1925 இல் உருவான அந்தக் குடியிருப்பே ஓமியா போன்சாய் கிராமம். அங்கே குடியேற விரும்புவோருக்கு 1928 இல் வகுத்த விதிகளைக் கேளுங்கள்: குறைந்தது பத்துப் போன்சாய் மரங்கள் வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை எவர் வந்து பார்க்கவும் திறந்து வைக்க வேண்டும், மாடி வீடு கட்டலாகாது, மதில் எழுப்பாமல் உயிர்வேலியே அமைக்க வேண்டும். மாடி கூடாது என்பது பக்கத்துத் தோட்டத்து மரங்களின் மீது நிழல் விழாதிருக்கவாம்! முப்பது தோட்டங்கள் வரை இருந்த அவ்விடத்தில் இன்று சிலவே எஞ்சியுள்ளன. 2010 இல் அங்கே போன்சாய்க்கென ஓர் அருங்காட்சியகத்தையும் நகராட்சி திறந்தது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத் தொடக்கத்தில் நடைபெறும் மூன்று நாள் விழாவில் தெருவே மரச்சந்தையாகிவிடும்.

ஜூனிப்பரில் இங்கு மிகவும் போற்றப்படுவது ஷிம்பாக்கு என்னும் வகை. ஊசி இலைகள் இன்றி, மீன் செதில்போல் ஒன்றின்மேல் ஒன்று படிந்த மென்மையான பசுந்தழை உடையது. நீகாத்தா மாகாணத்தில் இத்தோய்காவா என்னும் ஊரின் சுண்ணாம்புப் பாறை மலைகளில் விளைந்தவற்றுக்கு ஈடில்லை என்பர். செங்குத்தான பாறைப் பிளவில் வேர் பற்றி வளரும் அம்மரத்தின்மேல் ஆண்டுதோறும் பல மாதங்கள் பனி அழுத்தும். கிளைகள் கீழ்நோக்கி வளையும். பாறை சரிந்து தண்டு கிழியும். ஒருபுறப் பட்டை முற்றிலும் உரிந்துபோகும். ஆனாலும் மரம் மடிவதில்லை. உரிந்த பகுதி வெயிலிலும் காற்றிலும் வெளுத்து எலும்புபோல் ஆகிவிட, எஞ்சிய குறுகிய பட்டைவழியே நீர் ஏறி, உச்சியில் தழை பசுமையாக நிற்கும். ஒரே தண்டில் இறந்ததும் உயிருள்ளதும் பின்னிப் பிணைந்து ஏறுவதைக் காண்போர் வியவாதிருக்க இயலாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிறு கட்டி இறங்கி, உயிரைப் பணயம் வைத்து இம்மரங்களைப் பெயர்த்தெடுத்தனர். பாறையிலிருந்து விழுந்து மாண்டவர்களும் உண்டு. இன்று மலைகளில் அத்தகைய மரங்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. ஆகையால் இப்போது விற்பவை பெரும்பாலும் குச்சி நட்டு வளர்த்தவை.

ஆக, ஜூனிப்பருக்கு வடிவம் கொடுப்பது என்றால், பனியும் பாறையும் நூறு ஆண்டுகளில் செய்ததைக் கம்பியும் கத்தரியும் கொண்டு ஒரு சட்டிக்குள் செய்து பார்ப்பது என்றே பொருள்.

என் ஆசிரியை எண்பத்திரண்டு வயதுடையவர். அவர்தம் கணவரும் மாமனாரும் இத்தொழில் செய்தவர்கள். முதல் ஓராண்டுக்கு அவர் என் கையில் கத்தரியைக் கொடுக்கவே இல்லை. நீர் ஊற்றக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆகும் என்பது இத்தொழிலில் வழங்கும் சொல். பூவாளியைச் சாய்த்து, சட்டியின் அடித்துளை வழியே தெளிந்த நீர் வெளிவரும்வரை ஊற்ற வேண்டும். மேல்மண் காயத் தொடங்கும்போது மறுபடியும் ஊற்ற வேண்டும். கேட்பதற்கு எளிது. எந்த மரம் எப்போது காயும் என்பது அதன் அளவு, சட்டியின் ஆழம், காற்று, தழையின் அடர்த்தி ஆகிய யாவற்றையும் பொறுத்தது. நாற்பது மரங்களுக்கு நாற்பது கணக்கு.

இரண்டாம் ஆண்டில் அவர் கற்பித்த பாடத்தைத்தான் இன்றளவும் முதற்பாடமாக வைத்திருக்கிறேன். பல மரங்கள் தம் வலிமையை வேரிலும் தண்டிலும் சேமிக்கும். ஜூனிப்பரின் வலிமையோ பெரும்பாலும் தழையில் இருக்கிறது. ஆலங்கிளையை மொட்டையாக வெட்டினாலும் மறுபடியும் துளிர்க்கும். ஜூனிப்பர் கிளையில் ஒரு பச்சை நுனிகூட இல்லாமல் வெட்டிவிட்டால் அக்கிளை மடிந்துபோகும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தழையை எடுக்கலாகாது. அளவுக்கு மீறி வெட்டினால் மரம் அஞ்சியதுபோல் செதில் தழையை விட்டுவிட்டு, குழந்தைப் பருவத்து முள் போன்ற ஊசி இலைகளை விடத் தொடங்கும். அவை நீங்கிப் பழைய தழை திரும்ப ஓரிரு ஆண்டுகள் ஆகிவிடும். நுனிகள் அனைத்தையும் விரலால் கிள்ளிக்கொண்டே இருப்பதும் முன்னாளில் வழக்கமாயிருந்தது. அது மரத்தைச் சோர்வடையச் செய்வதால், நீண்டு ஓடும் துளிர்களை மட்டும் தேர்ந்து கத்தரியால் எடுப்பதே நல்லது என்று இப்போது சொல்கின்றனர். என் ஆசிரியை இதை எவரும் சொல்லும் முன்பே செய்துவந்தவர்.

இனிக் கம்பிக்கு வருவோம். செப்புக் கம்பியை நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால் நூல்போல் இளகிவிடும். வளைத்தபின் தானே இறுகும். புதியவர்களுக்கு அலுமினியக் கம்பி எளிது. கிளையின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பியை, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சுற்ற வேண்டும். இறுக்கினால் பட்டை நசுங்கும். தளர்ந்தால் கிளை வளைவதற்குப் பதில் முறியும். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி அமைந்திருக்க வேண்டும். நார்கள் பிளந்துவிடாமல் தாங்குவது அதுதான். மரம் அடங்கியிருக்கும் குளிர்காலமே இதற்கு ஏற்றது. கிளை புது வடிவில் நிலைபெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் தண்டு பருத்துக் கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது சுற்றை அவிழ்க்கலாகாது. குறட்டால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். அவிழ்க்கையில் கிளை முறிந்தால் ஓராண்டு உழைப்பு போயிற்று.

இந்த முறைகள் எல்லா அளவுக்கும் பொதுவானவை. ஆயினும் மரத்தின் அளவு மாறும்போது வேலையே மாறிவிடுகிறது என்பதை என் மூன்று மரங்களும் எனக்கு உணர்த்தின.

உள்ளங்கையில் அடங்கும் மரங்களை இங்கு மாமே என்பர். அவரை விதை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரை உள்ளவை ஷோஹின். என் சிறிய மரம் 15 சென்டிமீட்டர். தேநீர்க் கோப்பை அளவுச் சட்டியில் நிற்கிறது. மூன்று வயதுக் குச்சியாக இருந்தபோதே கம்பி சுற்றி, பாம்புபோல் முறுக்கப்பட்ட தண்டு அதனுடையது. பெரிய மரத்தில் கிளை முப்பது இருக்கலாம், இதில் ஐந்துதான். மரம் சிறியது என்பதற்காகத் தழை சிறுத்துவிடுவதில்லை அன்றோ! எனவே சிறு மரத்தில் எல்லாக் கிளையையும் காட்டப் புகுந்தால் அது புதராகிவிடும். ஒரு வளைவு, ஒரு வெண்ணிற முனை, இரண்டு பசுந்திட்டுகள்: இவ்வளவில் மலையைக் காட்ட வேண்டும். பார்ப்போர் இதுவே எளிய மரம் என்று எண்ணி முதலில் இதையே வாங்குவர். ஆனால் கோடையில் அந்தக் கோப்பை மண் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஈர மணல் பரப்பிய தட்டில் வைத்து, நாளுக்கு மூன்று முறை நீர் ஊற்றியும் பிழைக்காமற்போன சிறு மரங்கள் ஏராளம். சிறியதே மிகக் கடினமானது என்பது என் துணிபு.

நடுத்தர மரம் 38 சென்டிமீட்டர். மே விழாவில் ஒரு மூலையில் தழை மண்டிக் கிடந்ததை 2015 இல் வாங்கினேன். இதில்தான் வெண்மரம் உண்டாக்கும் வேலையைக் கற்றேன். வேண்டாத கிளையை அடியோடு வெட்டாமல் சிறிது விட்டு, பட்டையை உரித்து, குறட்டால் நார் நாராகக் கிழித்து இழுத்தால் காற்றில் முறிந்த கிளைபோல் ஆகும். இதற்கு ஜின் என்று பெயர். (நம் பிள்ளைகள் இதைக் கேட்டு நகைத்தது தனிக்கதை!) தண்டிலேயே பட்டையை நீக்கி வெண்கோடு உண்டாக்கினால் அது ஷாரி. இதற்குமுன் உயிர்நரம்பு எது, அதாவது எந்தப் பட்டைவழியே எந்தக் கிளைக்கு நீர் ஏறுகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கோலால் குறியிட்டு, இந்த ஆண்டு ஒரு விரற்கடை, அடுத்த ஆண்டு மற்றொரு விரற்கடை என்றுதான் நான் உரித்துச் சென்றேன். முடிந்தபின் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தூரிகையால் பூச வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் தெரு முழுதும் வீசும். மஞ்சளாகப் பூசியது காயக் காய வெளுத்துவிடும். மரம் உளுத்துப்போகாமல் காப்பதும் அதுவே. உயிருள்ள பட்டையின் மேல்தோலை மெல்லத் தேய்த்து நீக்கினால் செம்பழுப்பு நிறம் தோன்றும். வெள்ளையும் செம்மையும் பசுமையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும்.

மூன்றாவது மரம் என்னுடையது அன்று. ஆசிரியையின் மாமனார் போருக்கு முன்னர் வாங்கிய மலைமரம். 75 சென்டிமீட்டர் உயரம். சென்ற குளிர்காலத்தில் அதன் கட்டைவிரல் பருமனான ஒரு கிளையைக் கீழிறக்க வேண்டியிருந்தது. நனைத்த ரஃபியா நாரை மூன்று அடுக்குச் சுற்றி, அதன்மேல் கம்பி சுற்றி, சட்டியின் விளிம்பிலிருந்து இழுகம்பி கட்டி முறுக்கினோம். அன்று வளைத்தது இரண்டு சென்டிமீட்டர். மறுவாரம் சற்று. அதற்கடுத்த வாரம் தொடவில்லை. இதே ஓமியாவில் பயிற்சி பெற்ற கிமுரா மசாஹிகோ, 1940 இல் பிறந்தவர், வெண்மரம் செதுக்க மின்கருவிகளைக் கையாண்டு உலகப் புகழ் பெற்றார். ஒரு நாளில் முடியும் வேலையைப் பலர் அதனால் கற்றனர். எங்கள் ஆசிரியை மின்கருவியைத் தொடமாட்டார். குறை சொல்லவும் மாட்டார். "அவர் கைக்கு அது பொருந்தும்" என்பார், அவ்வளவே.

எனினும் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. மேடையில் பலர் பார்க்க ஒரு காட்டு மரத்தைக் கொணர்ந்து, இரண்டே மணி நேரத்தில் பாதித் தழையை நீக்கி, கிளை எல்லாவற்றையும் வளைத்து, கைதட்டலுக்கிடையே முடித்துக் காட்டும் காட்சிகள் உண்டு. அந்த மரம் அடுத்த கோடையைக் கண்டதா என்று எவரும் கேட்பதில்லை. மரம் செத்தாலும் ஜூனிப்பரின் தழை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். ஆதலால் மேடையில் எதுவும் தெரியாது. உம்மாவின் கேள்விக்கு அங்கே நான் "ஆம், வதைதான்" என்றே சொல்வேன்.

எங்கள் தோட்டத்து வேலையைப் பற்றி உம்மாவிடம் நான் சொன்னது வேறு. நம் வீட்டு முற்றத்து மருதாணியைப் பெருநாளுக்கு முன்னர் ஒடிக்கிறோம். மல்லிகைக் கொடியைப் பந்தலில் கட்டுகிறோம். நோகுமே என்று விட்டுவிட்டால் இரண்டும் வீணாகின்றன. ஒடித்த கை நாள்தோறும் நீரும் ஊற்றுகிறதா என்பதே கேள்வி. உம்மா இதை முழுதும் ஏற்றதாகத் தெரியவில்லை. "நீர் ஊத்துறதுக்காகக் கட்டிப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு, தங்கை பிள்ளையின் பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

நீர் ஊற்றும் கையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2019 ஆம் ஆண்டு ஜனவரியில் இதே சைத்தாமா மாகாணத்தின் காவாகுச்சி நகரில், ஒரு போன்சாய் தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் களவு போயின. அவற்றுள் 400 ஆண்டு வயதுடைய ஷிம்பாக்கு ஒன்று. ஏழின் மதிப்பு 1 கோடியே 30 லட்சம் யென்னுக்குக் குறையாது. தோட்டக்காரரின் மனைவி முகநூலில் எழுதியது உலகெங்கும் பரவியது. பணத்தைப் பற்றி அல்ல. அந்த ஷிம்பாக்கு நீரின்றி ஒரு வாரமும் தாங்காது, எடுத்துச் சென்றவர் தயவுசெய்து நீர் ஊற்றட்டும் என்று அவர் வேண்டியிருந்தார். எங்கள் ஆசிரியை அச்செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது எவரும் பேசவில்லை.

இப்போது என் மரங்கள். காயலின் கடற்கரை வெப்பத்தில் ஷிம்பாக்கு வாழாது. அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். தழை வெண்கல நிறமாக மாறி உறங்க வேண்டும். மண்ணோடு செடியைக் கொண்டுவர நம் நாட்டின் தாவர நோய்த்தடுப்புச் சட்டமும் இடந்தராது. ஊரில் அத்தியும் ஆலும் புளியும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு புதிதாகத் தொடங்கலாம். ஆனால் பதினொரு ஆண்டு பார்த்த முகத்தை விட்டுவிட்டு வருவது வருவதுதான்.

நடுத்தர மரத்தை என் மகளின் தோழிக்குத் தரலாம் என்று முதலில் எண்ணினோம். பதினாறு வயதுப் பெண். ஆர்வமும் பொறுமையும் உடையவள். ஆனால் அவள் தாத்தாவின் பேரித் தோட்டம் வீட்டை ஒட்டியே இருக்கிறது. ஜூனிப்பரில் ஒருவகைத் துருப்பூசணம் தங்கும். வசந்த மழையில் அது ஆரஞ்சு நிறக் கூழ்போல் பொங்கி, காற்றில் பேரியிலைகளுக்குப் பரவி விளைச்சலைக் கெடுக்கும். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தொலைவுகூட அதற்குத் தடையன்று. பேரி விளையும் பல ஊர்களில் இம்மரத்தை நடுவதற்கே தடை விதித்திருக்கிறார்கள். அந்தப் பெண் தானே வந்து, "தாத்தாவுக்கு வேண்டாம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தனியே வசிக்கிறார். தக்காளி வளர்ப்பவர். காலையில் நான் நீர் ஊற்றும்போது கீழிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, மரத்தின் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், "இன்று நீர் போதுமா, எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் அரிது. இரண்டு மாதங்களாக அவரே காலைதோறும் வந்து சட்டியைத் தூக்கிக் கனம் பார்க்கிறார். மரம் அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அவர் விரும்பியது சிறியதை. நான்தான் மறுத்து நடுத்தர மரத்தைக் கொடுத்தேன். முதற்கோடையைத் தாங்கும் மண் அதற்குத்தான் இருக்கிறது.

சிறியதை ஆசிரியை தம் சமையலறைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொள்கிறார். பாத்திரம் கழுவும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படும் என்றார். பெரிய மரத்தைப் பற்றி அவரும் இந்தக் குளிர்காலத்தில்தான் முடிவு செய்தார். மகன் அலுவலகப் பணியில் இருக்கிறார். தோட்டத்தை ஏற்பதாக இல்லை. விற்க வந்தோரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓமியாவில் ஒரு தோட்டத்தில் பராமரிப்புக்கென ஒப்படைத்திருக்கிறார். திங்கள்தோறும் பேருந்தில் போய்ப் பார்த்துவருவதாக ஏற்பாடு.

சென்ற வாரம் நடுத்தர மரத்தின் வலப்பக்கக் கீழ்க்கிளைக்கு மட்டும் புதிதாகக் கம்பி சுற்றினேன். ஓட்டுநர் அருகில் நின்று பார்த்தார். சுற்று எங்கே தொடங்குகிறது, முனை எங்கே முடிகிறது என்று தொட்டுக் காட்டினேன். வெட்டும் குறட்டை அவரிடம் கொடுத்து, ஒரு காய்ந்த குச்சியில் சுற்றிய கம்பியைத் துண்டு துண்டாக எடுக்கப் பழக்கினேன். பட்டையில் பதியத் தொடங்கினால் மாதம் பாராமல் எடுத்துவிட வேண்டும். பதியாவிட்டால் அடுத்த நவம்பரில் எடுக்கலாம் என்று ஒரு மரச்சீட்டில் ஜப்பானிய எழுத்தில் எழுதிச் சட்டியில் செருகியிருக்கிறேன்.